பிள்ளை மோர்மன் சபையை விட்டுப் போனால் பழி ஏன் பெற்றோர் தலையில்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வளர்ந்த பிள்ளை ஒரு நாள் "எனக்கு இதில் நம்பிக்கை இல்லை" என்று சொல்கிறான். அமெரிக்காவின் யூட்டா, ஐடஹோ, அரிசோனா பக்கத்து மோர்மன் வீடுகளில் அன்றிலிருந்து பெற்றோர் தூக்கம் போகிறது. கோபமும் ஏமாற்றமும் கொஞ்ச நாளில் தணிந்துவிடும். "நாம்தான் எங்கேயோ தப்புப் பண்ணிவிட்டோம்" என்ற எண்ணம் மட்டும் போவதில்லை. அந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது, யார் ஊட்டுகிறார்கள், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பலரும் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மோர்மன்கள் யார்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1830 ஏப்ரலில் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் தொடங்கிய சபையைச் சேர்ந்தவர்கள். முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. தலைமையகம் சால்ட் லேக் சிட்டி. 'மோர்மன்' என்ற பெயரைத் தவிர்க்கும்படி 2018-இல் சபைத் தலைமை கேட்டுக்கொண்டது. இருந்தாலும் எல்லாருக்கும் பழகிய பெயர் என்பதால் இங்கே அதையே எழுதுகிறேன்.

பைபிளோடு மோர்மன் புத்தகமும், 'கோட்பாடும் உடன்படிக்கைகளும்' என்ற தொகுப்பும் இவர்களுக்கு வேதம். காபி, டீ, மது, புகையிலை கூடாது. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு தசமபாகம். எட்டு வயதில் ஞானஸ்நானம். பையன்கள் 18 வயதுக்கு மேல் இரண்டு வருடம் மிஷன் என்கிற மதப்பிரசார ஊழியத்துக்குப் போவார்கள் என்பது எதிர்பார்ப்பு. திங்கட்கிழமை இரவு குடும்பத்தோடு உட்கார்ந்து ஜெபம், பாடம், பாட்டு, விளையாட்டு. இந்த வழக்கத்துக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிவிட்டது.

எந்த மதத்திலும் பிள்ளை விலகினால் பெற்றோர் வருந்தத்தான் செய்வார்கள். இதில் என்ன விசேஷம்?

வருத்தம் எல்லா இடத்திலும் உண்டு. இங்கே அந்த வருத்தத்துக்கு ஒரு வரைபடமே இருக்கிறது.

மோர்மன் ஆலயத்துக்குள் முத்திரிக்கும் அறை என்று ஒன்று உண்டு. நடுவில் மெத்தை வைத்த பீடம். மணமகனும் மணமகளும் அதன் இரண்டு பக்கமும் மண்டியிட்டுக் கை கோர்த்துக்கொள்வார்கள். எதிரெதிர்ச் சுவர்களில் பெரிய கண்ணாடிகள். ஒன்றின் பிம்பம் மற்றொன்றில் விழுந்து விழுந்து, பார்க்கப் பார்க்க அவர்கள் உருவம் முடிவில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். மரணம் பிரிக்கும் வரை என்ற பேச்சே அங்கே கிடையாது. காலத்துக்கும் நித்தியத்துக்கும் சேர்த்துத்தான் கட்டுகிறார்கள். இதற்குத்தான் முத்திரிப்பு என்று பெயர். அதற்குப் பிறகு பிறக்கிற குழந்தை உடன்படிக்கைக்குள் பிறந்த குழந்தை, பிறக்கும்போதே பெற்றோரோடு முத்திரிக்கப்பட்டது.

மறுமையில் மூன்று மகிமைகள் உண்டு என்பது 1832-இல் ஜோசப் ஸ்மித் அறிவித்த போதனை. மேலேயுள்ள சிலஸ்டியல் ராஜ்யத்தில்தான் கடவுளின் சந்நிதி. குடும்பம் குடும்பமாகவே தொடர்வதும் அங்கேதான். கீழே இருக்கிற இரண்டும் நரகம் இல்லை, அவையும் மகிமையான இடங்கள்தான். அதனால் மோர்மன் அம்மாவுக்குத் தன் மகன் நெருப்பில் எரிவான் என்ற பயம் பெரும்பாலும் இருப்பதில்லை. மகன் வேறோர் இடத்தில் நன்றாகவே இருப்பான், ஆனால் தன்னோடு இருக்கமாட்டான் என்பதுதான் அவள் பயம். 'பரலோகத்தில் காலி நாற்காலி இருக்கக் கூடாது' என்று அந்தச் சமூகத்தில் காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். ஐந்து பிள்ளைகளில் நான்கு பேர் விசுவாசமாக இருந்தாலும் அந்த அம்மா எண்ணுவது அந்த ஒரு நாற்காலியைத்தான்.

சபையின் 2019 ஏப்ரல் பொது மாநாட்டில் அப்போதைய தலைவர் ரஸல் நெல்சன் இதை வெளிப்படையாகவே பேசினார். உடன்படிக்கை செய்யாதவர்களுக்கும் மறுமையில் ஓர் இடம் உண்டு, ஆனால் குடும்பங்கள் ஒன்றுசேரும் இடம் அது இல்லை என்பது அவர் பேச்சின் சாரம். அன்பாகத்தான் சொன்னார். கேட்ட பெற்றோர் பலருக்கு அது அன்பாகப் போய்ச் சேரவில்லை.

பெற்றோர்தான் பொறுப்பு என்று வேதத்திலேயே இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் அது சொல்வதைவிட அதிகமாக அதைப் படித்துவிட்டார்கள்.

1831-இல் ஒஹையோ மாநிலத்தில் தரப்பட்ட வெளிப்பாடு என்று கோட்பாடும் உடன்படிக்கைகளும் 68-ஆம் பிரிவைச் சொல்கிறார்கள். மனந்திரும்புதல், விசுவாசம், ஞானஸ்நானம், பரிசுத்த ஆவியின் வரம் ஆகியவற்றை எட்டு வயதுக்குள் பிள்ளைகளுக்குப் போதிக்காவிட்டால் பாவம் பெற்றோர் தலைமேல் என்கிறது அதன் 25-ஆம் வசனம். கவனித்துப் பாருங்கள்: போதிக்காத பெற்றோரைப் பற்றித்தான் அது பேசுகிறது. தினமும் காலையில் வேதம் வாசித்து, திங்கள் இரவு தவறாமல் உட்கார்ந்து, எல்லாவற்றையும் போதித்து, அதற்குப் பிறகும் பிள்ளை விலகியிருந்தால் அந்த வசனத்துக்கு அவர்களிடம் வேலையே இல்லை. ஆனால் இரவு இரண்டு மணிக்குக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவர் வசனத்தை அப்படியா படிப்பார்? "சரியாகப் போதித்திருந்தால் போயிருக்கமாட்டானே" என்று அதை நீட்டிக்கொள்வார்.

பைபிளின் நீதிமொழிகள் 22:6-உம் கூடவே வந்து நிற்கும்: "பிள்ளையானவன் நடக்கவேண்டிய வழியிலே அவனை நடத்து, அவன் முதிர்வயதிலும் அதை விடாதிருப்பான்." நீதிமொழி என்பது உலக அனுபவத்தின் பொதுப்போக்கைச் சொல்வது. அதைக் கடவுள் கையெழுத்திட்டுக் கொடுத்த உத்தரவாதமாக எடுத்துக்கொண்டால், உத்தரவாதம் பலிக்காதபோது கோளாறு வளர்த்தவரிடம் என்றுதான் கணக்கு முடியும்.

இவற்றை எல்லாம்விட ஆழமாகத் தைத்தது ஒரே ஒரு வாக்கியம். குடும்பத்தில் ஏற்படும் தோல்வியை வேறெந்த வெற்றியாலும் ஈடுகட்ட முடியாது என்பது அது. டேவிட் ஓ. மெக்கே 1935 மாநாட்டில் வேறொருவரை மேற்கோள் காட்டிச் சொன்னார். பிறகு சபைத் தலைவரான பின் 1960-களில் திரும்பவும் சொன்னார். வேலை, பணம் என்று வீட்டை மறந்து அலையும் அப்பாக்களை உலுக்கச் சொன்ன வார்த்தையாகத்தான் எனக்குப் படுகிறது. ஆனால் பிள்ளை சபையை விட்டுப் போவதே 'குடும்பத் தோல்வி' என்று ஆகிவிட்ட சூழலில், அதே வாக்கியம் ஆயுள் தண்டனையாக மாறிவிடுகிறது. 1995-இல் சபை வெளியிட்ட குடும்பம் பற்றிய பிரகடனம், கணவனும் மனைவியும் தங்கள் கடமைகளுக்காகக் கடவுள் முன்பு கணக்குக் கொடுக்க வேண்டியிருக்கும் என்கிறது. அந்தப் பிரகடனத்தைப் படம் மாதிரி கண்ணாடிச் சட்டத்துக்குள் வைத்து முன்னறையில் மாட்டியிருக்கும் வீடுகள் ஏராளம். பிள்ளை விலகிய பிறகும் அது அங்கேதான் தொங்குகிறது.

சபை ஆறுதலே சொல்லவில்லையா?

சொல்லியிருக்கிறது, நல்ல ஆறுதலும் சொல்லியிருக்கிறது. 1983 அக்டோபர் மாநாட்டில் ஹோவர்ட் ஹன்டர் இதே விஷயத்தைப் பற்றிப் பேசினார். நேசித்து, தியாகம் செய்து, கற்பித்து, பிள்ளையின் தேவைகளைக் கவனித்த பெற்றோர், அதற்குப் பிறகும் பிள்ளை வழிமாறிப் போயிருந்தால்கூட, வெற்றிபெற்ற பெற்றோராகவே இருக்கலாம் என்றார். அவர் பின்னாளில் சபைத் தலைவரும் ஆனார்.

சிக்கல் என்னவென்றால், இந்த ஆறுதல் பேச்சு எப்போதாவது ஒருமுறை வருகிறது. மற்ற வாரங்களில் நடப்பது வேறு. மாதத்தின் முதல் ஞாயிறு சாட்சிக் கூட்டம். ஓர் அம்மா மேடைக்கு வருகிறார். மூன்றாவது மகனும் மிஷனிலிருந்து திரும்பிவிட்டான், நான்காவது மகள் ஆலயத்தில் திருமணம் செய்யப் போகிறாள், சின்ன வயதிலிருந்து வீட்டில் வேதம் வாசித்ததன் பலன் இது என்று கண் கலங்கச் சொல்கிறார். அவர் யாரையும் குத்திப் பேசவில்லை. ஆனால் நான்காவது வரிசையில் உட்கார்ந்திருப்பவரும் அதே வேதத்தை அதே மேசையில் வாசித்தவர்தானே? அவர் மகன் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் மலையேறப் போகிறான்.

இந்தப் பக்கத்தில் நான் சொல்ல நினைப்பது முக்கியமாக இதைத்தான். பிள்ளை நிலைத்து நின்றால் புகழைப் பெற்றோருக்குக் கொடுக்கிற ஊரில், பிள்ளை போனால் பழியும் அவர்களுக்குத்தான் வரும். பழி மட்டும் வேண்டாம் என்று தனியாகப் பிரித்தெடுக்க முடியாது. பரீட்சை எழுதுவது பிள்ளை, மார்க் போடுவது அப்பா அம்மாவுக்கு என்றிருந்தால், பெயிலானவருக்கு எவ்வளவு ஆறுதல் சொன்னாலும் மார்க் ஷீட் அவர் கையில்தான் இருக்கும்.

பிள்ளைகள் ஏன் விலகுகிறார்கள்? வளர்ப்புக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

சபைக்குள் ரொம்ப நாளாகப் புழங்கிய விளக்கங்கள் மூன்று: யாரோ மனத்தைப் புண்படுத்திவிட்டார்கள், பாவம் செய்ய ஆசை, சோம்பேறித்தனம். 2013 அக்டோபரில் தலைமைக் குழுவில் இருந்த டீட்டர் உக்டார்ஃபே, விஷயம் அவ்வளவு எளிதில்லை என்று மாநாட்டு மேடையில் ஒப்புக்கொண்டார்.

இணையம் வந்த பிறகு பலர் சபையின் வரலாற்றில்தான் தடுக்கி விழுந்திருக்கிறார்கள். 2013 முதல் 2015 வரை சபையே தன் தளத்தில் சில கட்டுரைகளை வெளியிட்டது. ஜோசப் ஸ்மித்துக்குப் பல மனைவிகள் இருந்ததையும், அதில் ஒரு பெண்ணுக்கு அப்போது 15 வயது நிறையச் சில மாதங்கள் இருந்ததையும் 2014 கட்டுரை ஒப்புக்கொண்டது. 1978 வரை கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவம் மறுக்கப்பட்டதைப் பற்றி இன்னொன்று. சபையின் வேதங்களில் ஒன்றான ஆபிரகாம் புத்தகத்துக்கு மூலம் என்று சொல்லப்பட்ட எகிப்தியப் பாப்பிரஸ் துண்டுகளில் இருக்கும் எழுத்து அந்தப் புத்தகத்தோடு பொருந்தவில்லை என்பதைப் பற்றி மற்றொன்று. மிஷனுக்குப் போய் இதற்கு நேர்மாறாகச் சொல்லிவிட்டு வந்த பையன், 25 வயதில் சபையின் சொந்தத் தளத்தில் இதைப் படிக்கிறான்.

தன்பாலின ஈர்ப்புள்ளவர்களைப் பற்றிய நிலைப்பாடு இன்னொரு பெரிய காரணம். 2015 நவம்பரில், ஒரே பாலினத் தம்பதியரின் பிள்ளைகளுக்கு 18 வயது வரை ஞானஸ்நானம் கிடையாது என்று ஒரு விதி வந்தது. 2019 ஏப்ரலில் அதை விலக்கிக்கொண்டார்கள். நடுவில் இருந்த மூன்றரை வருடத்தில் மனம் உடைந்து போனவர்கள், விதி போனதும் திரும்பி வந்துவிடவில்லை.

பியூ ஆய்வு மையத்தின் கணக்கெடுப்பில், மோர்மன்களாக வளர்க்கப்பட்டவர்களில் பெரியவர்களான பிறகும் அப்படியே தொடர்கிறவர்கள் 2007-இல் 70 சதவீதம், 2014-இல் 64 சதவீதம். அதற்குப் பின் இன்னும் இறங்கியிருக்கிறது. ஒரு தலைமுறையில் இத்தனை பேர் விலகும்போது, அத்தனை வீட்டிலும் வளர்ப்புக் கோளாறு என்று சொல்வது கணக்குக்கே ஒத்துவராது.

மோர்மன் புத்தகத்திலேயே விலகிய பிள்ளைகள் இருக்கிறார்களாமே?

முதல் பக்கத்திலிருந்தே இருக்கிறார்கள். லேகி என்ற தீர்க்கதரிசி, அவர் மனைவி சரையா. பிள்ளைகள் லாமான், லெமுவேல், சாம், நேபி. தனக்கு நல்ல பெற்றோர் வாய்த்தார்கள் என்று சொல்லித்தான் நேபி புத்தகத்தையே தொடங்குகிறார். அதே பெற்றோர்தான் லாமானுக்கும் லெமுவேலுக்கும்! லேகி ஒரு கனவு காண்கிறார். இனிய கனி தரும் மரம். தான் சாப்பிட்டுவிட்டு குடும்பத்தைக் கூப்பிடுகிறார். மூத்தவர்கள் இரண்டு பேரும் வரவே இல்லை. பாசமுள்ள தகப்பனுக்குரிய உருக்கத்தோடு அவர்களிடம் கெஞ்சினார் என்றும் எழுதியிருக்கிறது. லேகியை யாரும் தோற்றுப்போன அப்பா என்று சொல்வதில்லை.

இன்னும் மேலே போனால், பூமிக்கு வருமுன் பரலோகத்தில் இருந்த ஆவிப்பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் லூசிபரோடு போய்விட்டார்கள் என்பது மோர்மன் போதனை. பரலோகப் பிதாவே இத்தனை பிள்ளைகளை இழந்தவர். பிள்ளை விலகிய பெற்றோர் ஒருவருக்கொருவர் ஆறுதலாகச் சொல்லிக்கொள்ளும் வாதம் இது. அவர்கள் இறையியலுக்குள் நின்றே பேசினால் இதைவிட வலுவான பதில் கிடையாது என்று நினைக்கிறேன்.

ஆனால் அதே புத்தகத்தில் சின்ன ஆல்மாவும் இருக்கிறான். சபையை அழிக்கத் திரிந்தவன். அப்பாவின் ஜெபத்துக்குப் பதிலாகத் தேவதூதன் இறங்கி வந்து அவனை மடக்குகிறான். ஞாயிறு வகுப்பில் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு வரும் அம்மா என்ன நினைப்பார்? "என் ஜெபத்துக்குத் தூதன் வரவில்லை. அப்படியானால் என் ஜெபம் போதவில்லை." ஆலயத்தின் ஜெபப் பட்டியலில் மகன் பெயரை எழுதிவைப்பார். அடுத்த மாதமும் எழுதுவார்.

பெற்றோர் விசுவாசமாக இருந்தால் பிள்ளை எப்படியும் திரும்பிவிடும் என்று வாக்குறுதி உண்டா?

1929 மாநாட்டில் ஆர்சன் விட்னி என்ற அப்போஸ்தலர் (சபையின் உயர்மட்டத் தலைவர்களில் ஒருவர்) கிட்டத்தட்ட அப்படிச் சொன்னார். பெற்றோரின் நித்திய முத்திரை அவர்கள் சந்ததியையும் இரட்சிக்கும் என்று ஜோசப் ஸ்மித் அறிவித்ததாகவும், ஆடுகள் அலைந்தாலும் மேய்ப்பனின் கண் அவர்கள் மேல் இருக்கும் என்றும் பேசினார். எத்தனையோ பெற்றோர் அந்தப் பத்தியை வெட்டி வைத்துக்கொண்டு காலம் தள்ளினார்கள்.

2014-இல் இன்னோர் அப்போஸ்தலர், டேவிட் பெட்னார், சபைப் பத்திரிகையில் ஒரு விளக்கம் எழுதினார். பிள்ளையின் சுயாதீனத்தை எதுவும் மீறாது, பெற்றோரின் விசுவாசத்தால் அவனுக்கு அழைப்பும் ஈர்ப்பும் கிடைக்கலாம், முடிவு அவனுடையதுதான் என்பது அதன் சாரம். கோட்பாட்டைப் பொறுத்தவரை நேர்மையான விளக்கம்தான். ஆனால் எண்பத்தைந்து வருடமாகப் பிடித்துக்கொண்டிருந்த கொம்பைக் கொஞ்சம் தளர்த்திவிட்டது. பழைய பேச்சைப் பிடித்தால் "நான் இன்னும் விசுவாசமாக இருக்க வேண்டும்" என்று பாரம். புதியதைப் பிடித்தால் நம்பிக்கை குறைவு. பெற்றோர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

பிள்ளைக்கு ஆதரவாக நின்றால் பெற்றோரின் ஆலய அனுமதிக்கு ஆபத்து வருமா?

இந்தப் பயம் நிஜமாகவே இருந்தது. ஆலயத்துக்குள் போக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நேர்காணலில் பதில் சொல்லி அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். சபையின் போதனைக்கு எதிரான குழு அல்லது தனிநபரோடு தொடர்போ உடன்பாடோ உண்டா என்று அதில் ஒரு கேள்வி இருந்தது. மகள் இன்னொரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டாள், கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தோம், இதற்கு என்ன பதில் சொல்வது என்று பெற்றோர் திணறினார்கள். பிள்ளையோடு பேசுவதைத் தடுக்க அந்தக் கேள்வி வைக்கப்படவில்லை என்று உள்ளூர்ச் சபைகளை நடத்தும் பிஷப்புகள் பலர் சமாதானம் சொல்வார்கள்தான். 2019 அக்டோபரில் கேள்விகளைத் திருத்தியபோது 'தனிநபர்', 'தொடர்பு' எல்லாம் போய்விட்டன. சபைக்கு முரணான போதனையை ஆதரிக்கிறீர்களா, பரப்புகிறீர்களா என்று மட்டும் இப்போது கேட்கிறார்கள்.

கல்யாணத்தில் என்ன பிரச்சினை?

அனுமதிச் சீட்டு இல்லாதவர் ஆலயத்துக்குள் நடக்கும் முத்திரிப்பைப் பார்க்க முடியாது. விலகிய அண்ணன் தங்கையின் கல்யாணத்தன்று வாசலில் காத்திருப்பான், போட்டோ எடுக்கும் நேரத்தில் சேர்ந்துகொள்வான். முன்பெல்லாம் அமெரிக்காவில் வெளியே ஒரு கல்யாணம் செய்துகொண்டால் ஆலய முத்திரிப்புக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். 2019 மே மாதம் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். இப்போது முதலில் எல்லாரும் பார்க்கிற மாதிரி ஒரு கல்யாணம், அப்புறம் ஆலயம் என்று செய்யலாம். நிறையக் குடும்பங்களுக்கு இது பெரிய நிம்மதி.

அம்மாக்களுக்குத்தான் அதிகம் அடிபடுகிறதா?

ஆமாம் என்றுதான் சொல்வேன். 1995 பிரகடனம் பிள்ளைகளைப் பேணி வளர்ப்பதை முதன்மையாக அம்மாவின் பொறுப்பாக எழுதியிருக்கிறது. படிப்பையும் வேலையையும் விட்டுவிட்டு வீட்டோடு இருந்த அம்மாவுக்கு, பிள்ளைகள்தான் இருபத்தைந்து வருட உழைப்பு. "எதற்காக விட்டேனோ அதுவே போய்விட்டது" என்ற பேச்சில் மதத்தோடு கூட ஒரு வாழ்க்கைக் கணக்கும் சேர்ந்திருக்கிறது.

விலகிய பிள்ளைகள் இதை எப்படிப் பார்க்கிறார்கள்?

பெற்றோரின் குற்றவுணர்வு அவர்களிடம் போய் வட்டியோடு சேர்கிறது. தன் நம்பிக்கையின்மையைவிட "அம்மாவை அழவைத்துவிட்டேன்" என்பதுதான் பலரை வருடக்கணக்கில் வாய்மூட வைக்கிறது. முப்பது வயது ஆள், தனக்கென வீடு, குழந்தை எல்லாம் இருக்கிறது. அப்பா அம்மா வருகிறார்கள் என்றால் காபி மெஷினைத் தூக்கி அலமாரிக்குள் வைக்கிறார். வெள்ளிக்கிழமை இரவு வைத்து, திங்கட்கிழமை காலை எடுக்கிறார். அவர் மனைவி கையில்லாத சட்டையை மாற்றிக்கொள்கிறார், ஏனென்றால் ஆலயத்தில் உடன்படிக்கை செய்தவர்கள் அணியும் உள்ளாடை தெரிகிறதா என்று மாமியார் கண் தோள்பட்டையைத்தான் முதலில் பார்க்கும். அம்மாவுக்கும் இதெல்லாம் தெரியும். சமையலறையில் அடிக்கிற காபி வாசனையை எந்த அலமாரியும் மறைக்காது.

பேரக்குழந்தைக்கு எட்டு வயது நெருங்கும்போது இது திரும்பவும் கிளறப்படும். "ஞானஸ்நானம் எப்போது?" என்று தாத்தா நேரடியாகக் கேட்கமாட்டார். குழந்தைக்குப் படம் போட்ட வேதக்கதைப் புத்தகம் பார்சலில் வரும்.

பெயரைச் சபைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட்டால் என்ன ஆகும்?

போகாமல் இருப்பது வேறு, பெயரை நீக்கிக்கொள்வது வேறு. பெயரை நீக்கினால் ஞானஸ்நானம் உட்பட எல்லாச் சடங்குகளின் பலனும் ரத்தாகும், ஆலய ஆசீர்வாதங்களும் போய்விடும் என்பது சபையின் நிலை. அதனால்தான் பல பெற்றோர் "வராவிட்டால் போகிறது, பெயரை மட்டும் எடுக்காதே" என்று கெஞ்சுகிறார்கள். நம்பிக்கை இல்லாதவருக்கு அது வெறும் காகிதம். நம்புகிற அம்மாவுக்கு முத்திரையைத் தன் கண்ணெதிரே கிழிப்பது. அம்மா இருக்கும்வரை பெயர் அங்கேயே இருக்கட்டும் என்று விட்டுவைப்பவர்கள் உண்டு. அது கோழைத்தனம் என்று சண்டை போடுபவர்களும் உண்டு. நான் முதல் கட்சி. ஆனால் சபையால் நேரடியாகக் காயப்பட்டவரிடம் போய் இதைச் சொல்லமாட்டேன்.

நான் விலகிய பிள்ளை. அம்மாவிடம் என்ன சொல்வது?

காரணப் பட்டியலை முதல் நாளே கொட்டாதீர்கள். அம்மா கேட்க விரும்புவது ஜோசப் ஸ்மித்தைப் பற்றி அல்ல. அவர் மனத்தில் ஓடுவது "நான் என்ன தப்புப் பண்ணினேன்" என்பதுதான். அதற்கு நேராகப் பதில் சொல்லுங்கள். உண்மையைத் தேடு, பொய் சொல்லாதே என்று நீங்கள்தான் சொல்லிக்கொடுத்தீர்கள், அதைத்தான் செய்தேன் என்று பலர் சொல்கிறார்கள். உண்மையாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள். அவருடைய நம்பிக்கையை மாற்றும் வேலையில் இறங்கவேண்டாம். பெற்றோருக்கு விடமுடியாத சடங்குகள் சில இருக்கும். சாப்பிடுமுன் ஜெபம் செய்யும்போது தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பதில் உங்களுக்கு நஷ்டம் ஒன்றுமில்லை.

நான் பெற்றோர். எதைச் செய்யாமல் இருக்கலாம்?

மாநாட்டுப் பேச்சு வீடியோக்களை அனுப்பாதீர்கள். பையன் அதையெல்லாம் உங்களுக்கு முன்பே கேட்டவன். அவன் முகவரியை மிஷனரிகளிடம் கொடுத்து, தற்செயலாக வந்த மாதிரி கதவைத் தட்ட வைக்காதீர்கள். அவனுக்கு உடனே தெரிந்துவிடும், அடுத்த முறை முகவரி மாறினால் உங்களுக்கே சொல்லமாட்டான். மற்றப் பிள்ளைகள் எதிரில் அவனைப் பற்றிப் பெருமூச்சு விடாதீர்கள். அவன் திரும்பி வருவதற்காகச் செய்கிற அன்பு என்று அவன் சந்தேகப்படும்படி எதையும் செய்யாதீர்கள். அன்பும் வலைவீச்சும் ஒன்றாக வந்தால் அவன் இரண்டையும் தள்ளிவிடுவான்.

வார்டில், அதாவது உங்கள் உள்ளூர்ச் சபையில், யாராவது "உங்கள் மகன் எப்படி இருக்கிறான்?" என்று அந்தக் குரலில் கேட்டால், அவன் வேலை, அவன் குழந்தை, அவன் ஓடிய மாரத்தான் என்று உள்ளதைச் சொல்லுங்கள். நன்றாக இருக்கிறான் என்றால் நன்றாக இருக்கிறான் என்றே சொல்லலாம். அதைச் சொல்லத் தயங்கித் தயங்கியே, மகன் சந்தோஷமாக இருப்பதையும் துக்கச்செய்தி மாதிரி பேசப் பழகிவிட்ட பெற்றோர் இருக்கிறார்கள்.

இந்தியாவில் இந்தச் சபை உண்டா?

உண்டு. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் சிறிய சபைகள் இருக்கின்றன. பெங்களூருவில் ஆலயம் கட்டப்போவதாக 2018 ஏப்ரலில் அறிவித்தார்கள். இங்கே பெரும்பாலும் முதல் தலைமுறை விசுவாசிகள் என்பதால் கதை தலைகீழ்: பிள்ளை சபையில் சேர்ந்துவிட்டான் என்று அழுகிற பெற்றோர்தான் அதிகம்.

பிஷப்பிடம் போய்ப் பேசலாமா?

பேசலாம், ஆனால் அவர் யார் என்பது நினைவிருக்கட்டும். மோர்மன் பிஷப் சம்பளம் வாங்கும் பாதிரியார் கிடையாது. பல் மருத்துவராகவோ கணக்காளராகவோ வேலை பார்த்துக்கொண்டு, ஏறக்குறைய ஐந்து வருடம் இந்தப் பொறுப்பைச் சுமக்கிற பக்கத்து வீட்டுக்காரர். மன ஆலோசனையில் பயிற்சி பெற்றிருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. சிலர் அருமையாகக் கேட்பார்கள், சிலர் பாவம் பெற்றோர் தலைமேல் என்கிற அந்த 68:25-ஐ எடுத்து வாசிப்பார்கள். தூக்கம், சாப்பாடு கெடுகிற அளவுக்குப் போயிருந்தால் உரிமம் பெற்ற மனநல ஆலோசகரிடம் போங்கள். யூட்டாவில் சபைக்குள் வளர்ந்து, சபையின் மொழி தெரிந்த ஆலோசகர்கள் நிறைய இருக்கிறார்கள். முதல் சந்திப்பிலேயே, பிள்ளையைத் திருப்பிக் கொண்டுவரும் வேலையை அவர் எடுத்துக்கொள்கிறாரா அல்லது உங்கள் பாரத்தைக் கவனிக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள். முதல் ரகம் என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.